தியானம் வரவில்லை என்று எழுதிய சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

கரூரிலிருந்து நீங்கள் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது. வங்கி வேலை, மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகள், பிரஷர் மாத்திரை, போன ஆவணியில் காலமான அம்மா என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்: "எத்தனையோ தடவை ஆரம்பித்து விட்டுவிட்டேன். எனக்குத் தியானம் வரவே இல்லை. சிலருக்குத்தான் வருமோ?" இதே கேள்வியை வேறு பலரும் கேட்டு எழுதியிருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். உங்கள் பெயரைச் சேர்க்கவில்லை.

உட்கார்ந்த சற்று நேரத்தில் வராக்கடன் பட்டியல், டியூஷன் ஃபீஸ், ஊறப்போட மறந்த உளுந்து, என்றோ ஒரு கல்யாணத்தில் நாத்தனார் சொன்ன சொல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதை எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு துல்லியமாக எழுத முடிந்திருக்கிறதே, அதற்கே நல்ல கவனம் வேண்டும். மற்ற நேரங்களில் இவையெல்லாம் உள்ளே ஓடுவது நமக்குத் தெரிவதுகூட இல்லை. 2010-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரைக் கைப்பேசி வழியே நாளின் வெவ்வேறு வேளைகளில் கூப்பிட்டு, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் வேலை பார்க்கும்போதும் இதே கதைதான். நீங்கள் உட்கார்ந்ததால் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. நாள் முழுக்க நடப்பதை இப்போதுதான் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். பார்த்ததும் திகைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. "நேற்று நன்றாக வந்தது, இன்று வரவில்லை, போன வாரம் இரண்டு நாள் பரவாயில்லை" என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். வங்கியில் அன்றைய கணக்கை அன்றே சரிபார்த்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறீர்கள். தியானத்துக்கு அந்தப் பழக்கம் ஆகாது. ஒவ்வொரு நாளும் எழுந்ததும் தீர்ப்பு எழுதினால், தோற்ற நாட்கள் நான்கு சேர்ந்தவுடன் மனம் சலித்துவிடும். நீங்கள் விட்டதெல்லாம் இப்படித்தான் என்பது என் எண்ணம். உட்கார்ந்தீர்களா, இல்லையா என்பதை மட்டும் பாருங்கள். எப்படி இருந்தது என்ற கேள்வியை ஆறு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள்.

நீங்களும் கணக்கு வேலையில் இருப்பதால் ஊ பா கின் என்ற பர்மியரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 1899-ல் ரங்கூனில் பிறந்தவர். கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தராக நுழைந்து படிப்படியாக மேலே வந்தவர். 1937-ல், குடும்பமும் அலுவலகமுமாக இருந்த காலத்தில்தான், மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை முதன்முதலாகக் கற்றுக்கொண்டார். அவருடைய ஆசிரியர் சயா தெட்ஜி துறவியே இல்லை. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் நெல் விளைவித்த சம்சாரி. 1948 ஜனவரி 4, பர்மா விடுதலை பெற்ற அதே நாளில், ஊ பா கின் அந்நாட்டின் தலைமைக் கணக்காயரானார். அலுவலகத்திலேயே ஓர் அறையைத் தியானத்துக்கு ஒதுக்கி, ஊழியர்களுக்கு அவரே கற்றுக்கொடுத்தார். 1952-ல் ரங்கூனில் தியான மையம் தொடங்கிய பிறகும் வேலையை விடவில்லை. ஒரே சமயத்தில் மூன்று துறைகளுக்குத் தலைமை தாங்கிய காலமும் உண்டு. 1967 வரை அரசுப் பணியில் இருந்தார்.

நேரமில்லை என்று நீங்கள் எழுதியதற்குப் பதிலடியாக இதைச் சொல்லவில்லை. அவர் வீட்டில் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. மகள் கல்யாணம் முடியட்டும், ரிட்டயர் ஆகட்டும் என்று நாம் தள்ளிவைக்கும் ஒன்றை, வேலைக்கு நடுவிலேயே செய்தவர் ஒருவர் இருந்தார், அதுவும் கோப்புகளோடு வாழ்ந்தவர் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

அவரிடம் 1955-ல் ஒரு மார்வாடி வியாபாரி வந்தார். மண்டலேயில் பிறந்தவர், பெயர் சத்ய நாராயண் கோயங்கா. அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். அந்தத் தலைவலி தீர வேண்டும் என்று கேட்டு வந்தவரை ஊ பா கின் சேர்த்துக்கொள்ளவில்லை. மனத்தைச் சுத்தம் செய்துகொள்ள வருவதானால் வரலாம், தலைவலி போவது அதோடு வரும் உபரிப் பலன், அதையே குறியாக வைத்து வரக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கோயங்கா பல நாள் யோசித்துவிட்டுப் பிறகு வந்து சேர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் அவரிடம் கற்று, 1969-ல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கினார். விபாசனா என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பத்து நாள் முகாம் பெரும்பாலும் இவர் வழியாக வந்ததுதான்.

உங்கள் பிரஷரும் தூக்கமின்மையும் இந்த இடத்தில்தான் வருகின்றன. தியானம் செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். 2014-ல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேர் பங்கெடுத்தவற்றை, ஒன்றாக வைத்துப் பரிசீலித்து ஒரு கட்டுரை வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன என்பதற்கு ஆதாரம் இருந்தது. தூக்கத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை. மருந்தைவிட, உடற்பயிற்சியைவிடத் தியானம் மேலானது என்பதற்கும் ஆதாரம் இல்லை. எனக்கு இது ஏமாற்றமாகத் தோன்றவில்லை. பதற்றம் ஓரளவு குறைவது என்பது ஒரு வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மாத்திரை விஷயம் உங்கள் டாக்டருக்கும் உங்களுக்கும் இடையில் இருப்பது. அதில் கண்ணை மூடி உட்கார்வதற்கு வேலை கிடையாது.

இனி நேரம். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழ முயன்றிருக்கிறீர்கள். பிரம்ம முகூர்த்தத்தில் உட்கார்ந்தால்தான் பலன் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சூரியன் சாய்ந்ததும் படுத்துவிட்ட காலத்து ஏற்பாடு. ஐந்து மணி நேரம்கூட முழுதாகத் தூங்காமல் உட்கார்ந்தால் வருவது தூக்கம்தான், அதற்கு மனத்தைக் குறை சொல்லக் கூடாது. தினமும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு இதை ஒட்டிவிடுங்கள். குளித்துவிட்டு வந்து விளக்கேற்றுகிறீர்கள் இல்லையா? ஏற்றியதும் அங்கேயே பாயை விரித்து உட்கார்ந்துவிடுங்கள். தண்ணீர் வரும் நாளில் முடியாது என்றால், அன்றைக்கு மட்டும் சாயங்காலம் வங்கியிலிருந்து வந்து முகம் கழுவியதும் உட்காருங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடனிருந்தோரும் 96 பேரை வைத்து, ஒரு புதிய காரியம் எத்தனை நாளில் தானாக நடக்கும் பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு, காலைச் சாப்பாடு போன்றதோடு, புதியதை இணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சராசரியாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபாடு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் குலைக்கவில்லை. இந்தக் கடைசி விவரம் உங்களுக்காகவே சொல்கிறேன். ஒரு நாள் விட்டதும் 'எல்லாம் போச்சு, அடுத்த அமாவாசையிலிருந்து பார்க்கலாம்' என்று நிறுத்திவிடுகிறீர்கள். மறுநாள் உட்காருங்கள், போதும்.

எவ்வளவு நேரம்? பதினைந்து நிமிடம். 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் நாளுக்கு முக்கால் மணி நேரம் கேட்டார்கள். விபாசனா முகாமிலிருந்து திரும்புகிறவர்களிடம் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று சொல்லி அனுப்புகிறார்கள். முடிந்தவர்கள் செய்யட்டும். வீட்டில் தனியாகத் தொடங்குகிறவருக்கு அது அதிகம் என்பது என் கருத்து. அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுக்க முடியாமல் முழுவதையுமே கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் அரை மணிக்கு நீட்டவும் வேண்டாம். நன்றாக இல்லை என்று ஐந்து நிமிடத்தில் எழவும் வேண்டாம். கைப்பேசியில் அலாரம் வைத்து, மற்ற ஓசைகளை அணைத்து, கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

பத்மாசனத்துக்கு முயல வேண்டாம். முட்டி வலி இருக்கும்போது அது வம்பு. பெட்ஷீட்டை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே வைத்துச் சம்மணம் போடுங்கள், முட்டிகள் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். அதுவும் கஷ்டமென்றால் மர நாற்காலியில், சாயாமல், பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். பதஞ்சலியே இருக்கையில் கேட்பது உறுதி, சுகம் என்ற இரண்டைத்தான். கால் மரத்துப்போனால் ரத்தம் நின்றுவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நரம்பு அழுந்துவதுதான் காரணம். மெதுவாக நீட்டி, உணர்ச்சி திரும்பிய பிறகு எழுந்திருங்கள். அவசரமாக எழுந்து விழுந்துவிடக் கூடாது.

உட்கார்ந்தாயிற்று. என்ன செய்வது? மூச்சு மூக்குத் துவாரத்தைத் தொட்டுப் போகும் இடத்தை, மேலுதட்டுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன இடத்தை, கவனியுங்கள். உள்ளே போகும்போது கொஞ்சம் குளிர்ச்சி, வெளியே வரும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு. மூச்சை இழுக்காதீர்கள், அடக்காதீர்கள், நீளமாக்க முயலாதீர்கள். அது பிராணாயாமம், தனிக் கல்வி, நேரில் கற்க வேண்டியது. மூச்சை அடக்கினால் மனம் அடங்கும், ஆனால் மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டுவிடும் என்பதை ரமணர் 'நான் யார்?' நூலில் விளக்கியிருக்கிறார். இங்கே மூச்சு அதன் போக்கில் வரும், போகும். நாம் வாசலில் இருந்து பார்க்கிறோம். மனம் உளுந்துக்குப் போய்விடும். போனது சிறிது நேரம் கழித்துத்தான் தெரியும். தெரிந்ததும் மூக்குக்குத் திரும்புங்கள். தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்புங்கள். இதைத் தவிர இதில் வேறு வேலை எதுவுமில்லை. ஒரு தடவை உட்காரும்போது நூறு முறை திரும்ப வேண்டியிருந்தால் நூறு முறை வேலை நடந்திருக்கிறது.

மூக்கில் பிடிபடவில்லை என்றால் வயிற்றைப் பாருங்கள். பர்மாவின் மகாசி சயாடோ வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கச் சொல்லித்தான் ஆயிரக்கணக்கானோருக்குக் கற்பித்தார். ஆரம்பத்தில் எண்ணிக்கை வைத்துக்கொள்வதும் உதவும். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து 'விசுத்திமக்கம்' எழுதிய புத்தகோசர், நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர், இதற்கு ஓர் அளவே சொல்கிறார். ஐந்துக்குக் குறையவும் வேண்டாம், பத்தைத் தாண்டவும் வேண்டாம். குறைந்தால் இடம் நெருக்கடியாகி மனம் திமிறுமாம். தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளுமாம். பதினைந்து நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து பார்த்து, பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே எங்கோ போய்விட்டுக் கண்டுபிடித்த உண்மை இது. நீங்களும் செய்து பார்த்தால் உடனே தெரியும்.

தூக்கம் வருவதைப் பற்றி வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானரே மகத நாட்டில் தியானத்தில் உட்கார்ந்து தூங்கி விழுந்திருக்கிறார். புத்தர் அவருக்கு வரிசையாக எட்டு வழி சொன்னதாகப் பாலி நூல்களில் இருக்கிறது. தூக்கம் வரவைத்த நினைப்பை மாற்று என்று தொடங்கி, காது மடலை இழுத்துவிட்டு உடம்பைத் தேய், எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், முன்னும் பின்னுமாக நட என்று போகும். இத்தனையிலும் போகாவிட்டால் எட்டாவது வழி, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கு. எனக்கு இந்த எட்டாவது மிகவும் பிடிக்கும். உடம்புக்குத் தூக்கம் தேவை என்றால் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பெரிய ஆசான் தன் பெரிய மாணவருக்குச் சொல்கிறார். உங்களுக்கும் அதே பதில்தான்.

ஆசை, வெறுப்பு, மந்தமும் தூக்கமும், பரபரப்பும் வருத்தமும், சந்தேகம் என்று பௌத்தர்கள் ஐந்து தடைகளை எண்ணி வைத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் இருப்பவை எல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன. கடைசியாகச் சொன்ன சந்தேகம்தான் உங்களுக்குப் பெரிய தொந்தரவு. மனவளக்கலை மன்றத்தில் ஆக்கினைத் தவம் கற்றீர்கள், ஒரு மாதத்தில் கைப்பேசிச் செயலிக்கு மாறினீர்கள், பிறகு யூடியூபில் இசை, இப்போது விபாசனா போகலாமா என்று கேட்கிறீர்கள். ஒவ்வொன்றையும், அது பழகத் தொடங்கும் நேரத்தில் விட்டிருக்கிறீர்கள். மன்றத்தில் கற்றது பிடித்திருந்தால் அங்கேயே திரும்பப் போங்கள். வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறி நெய்து பிழைத்து, குடும்பஸ்தராக இருந்துகொண்டே குடும்பஸ்தர்களுக்காக அதை அமைத்தவர். அவருடைய மையம் இருக்கும் ஆழியாறு வரை போக முடியாதவர்களுக்குப் பல ஊர்களில் மன்றங்கள் இருக்கின்றன, கூட உட்கார நாலு பேர் கிடைப்பார்கள். ஆக்கினையோ மூச்சோ, ஏதாவது ஒன்று. இரண்டையும் கலக்காமல், ஆறு மாதம்.

அம்மாவைப் பற்றி எழுதியதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மாவின் முகம் வருகிறது, அழுகை வருகிறது, பயந்து எழுந்துவிடுகிறேன் என்கிறீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டீர்கள். அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், மகளுக்குத் தேர்வு. உட்கார்ந்து அழ உங்களுக்கு ஓர் இடம் இருந்திருக்காது. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில், யாரும் எதுவும் கேட்காத பதினைந்து நிமிடம் கிடைத்ததும் அந்த அழுகை வருகிறது. வரட்டும், சகோதரி. தியானம் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள். அந்த முகத்தைத் துரத்தவும் வேண்டாம், அதன் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரை போகவும் வேண்டாம். உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தொண்டை அடைக்கிறதா, நெஞ்சு கனக்கிறதா, கண் எரிகிறதா? அழும்போது மூச்சு விட்டு விட்டு வரும். அப்படியே கவனியுங்கள், அதுவும் மூச்சுதான். தாங்க முடியாமல் போனால் கண்ணைத் திறந்துவிடுங்கள். பாதம் தரையில் படுவதை உணருங்கள், எதிரே இருக்கும் எதையாவது பாருங்கள், எழுந்து நாலு நடை நடங்கள். மறுநாள் மறுபடி உட்காரலாம்.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கமே இல்லாமல் போனாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு வந்தாலோ, தியானத்தால் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கென்று பிரிவு இருக்கிறது. போனில் பேச 14416 என்ற டெலி மனஸ் எண் இருக்கிறது. இதே காரணத்தால், இந்த வருடம் பத்து நாள் முகாமுக்குப் போக வேண்டாம் என்பேன். அங்கே யாரோடும் பேசாமல் ஒரு நாளில் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். புதிதாகத் துக்கம் இருக்கிறவருக்கு அது கனமான காரியம். தியானம் எல்லோருக்கும் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பயம், தூக்கமின்மை, நிலைகுலைவு போன்ற சிக்கல்களைச் சந்தித்த தியானிகளிடம் பேசி, அமெரிக்காவின் ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் 2017-ல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், முன்பு பெற்றிருந்தவர்கள், மருத்துவரைக் கேட்காமல் நீண்ட முகாம்களுக்குப் போகவே கூடாது. உங்கள் பதினைந்து நிமிடத்துக்கு இவ்வளவு பயம் தேவையில்லை.

மாதவிலக்கு நாட்களில் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. மூச்சுக்குத் தீட்டு கிடையாது. மாமியார் மனம் நோகும் என்றால் பூஜை அலமாரிப் பக்கம் வேண்டாம், படுக்கையறையில் உட்காருங்கள். கறி மீன் சாப்பிடுகிறவர்கள் செய்யலாமா? செய்யலாம், வயிறு நிறைந்த உடனே வேண்டாம். கண்ணை மூடினால் நீல வெளிச்சம் தெரிகிறது, இது ஏதாவது நிலையா? இருக்கட்டும், மூச்சுக்கு வாருங்கள். இசை வேண்டுமா? வேண்டாம். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி அலறுமே? அலறட்டும், காதில் விழுவது விழுந்துவிட்டுப் போகும். உங்களுடன் வேலை பார்க்கும் கிறிஸ்தவத் தோழி இது இந்துக்களின் விஷயமா என்று கேட்டாராம். அவரிடம் பெருமாள்மலையைப் பற்றிச் சொல்லுங்கள். கொடைக்கானலுக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த ஊரில், போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்தை நிறுவிய ஆமா சாமி ஓர் ஏசு சபைப் பாதிரியார்.

தியானம் செய்தால் குடும்பப் பற்று போய்விடும் என்று உங்கள் கணவர் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் உண்மையானதுதான், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வீட்டில் யார் வாய் திறந்தாலும் 'என் அமைதியைக் கெடுக்கிறீர்கள்' என்று எரிந்து விழுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் அவர் பயப்பட்டிருப்பார். நீங்கள் ஆறு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியதும் இங்கேதான். உட்கார்ந்த நேரத்தில் என்ன தெரிந்தது என்று பார்க்காதீர்கள். மாமியார் ஒன்று சொன்னதும் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு அளவுக்காவது இடைவெளி வந்திருக்கிறதா? கவுண்டரில் கத்துகிற வாடிக்கையாளரின் கோபம் வீடு வரை உங்களோடு வருகிறதா, வழியிலேயே இறங்கிவிடுகிறதா? நமக்கே இது சரியாகத் தெரியாது. மகளிடம் கேளுங்கள், பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள். எந்த வித்தியாசமும் இல்லை என்று அவள் சொன்னால், அப்போது நேரில் ஓர் ஆசிரியரைத் தேடிப் போங்கள்.

இந்தக் கடிதத்தை உங்கள் கணவரிடமும் படிக்கக் கொடுங்கள். ஐயா, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். காலையில் அவர் விளக்கேற்றி உட்காரும் அந்தப் பதினைந்து நிமிடம், அடுப்பில் இருக்கும் பாலையும் குக்கர் விசிலையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பால் பாக்கெட்டை நீங்களே போய் வாங்கி வாருங்கள், உங்கள் அம்மாவுக்கு முதல் காப்பியை நீங்கள் கொடுங்கள். அவரை யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். இந்த ஒன்று நடந்தால், நான் மேலே எழுதியதில் பாதி தேவைப்படாது.

அன்புடன்.